குழந்தைக்கு முகத்தில் அடிபட்டால்: எலும்பு முறிவைக் கண்டுபிடிப்பது, சரிசெய்வது, பின்னர் கவனிப்பது

குழந்தைக்கு எலும்பு சீக்கிரம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். பெரியவர்களுக்குத் தாடை எலும்பு கூட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். ஆனால் விலகிய எலும்பும் அதே வேகத்தில், விலகிய இடத்திலேயே கூடிவிடும். பெரியவருக்கு மூக்கெலும்பை நேராக்க பத்து நாள் வரைகூட அவகாசம் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வாரம் தாண்டினால் அது இறுகிவிடும். "வீக்கம் வடியட்டும், அப்புறம் காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் குழந்தை விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு.

முகத்தில் எலும்பு முறிவது குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவு. எலும்பு வளைந்து கொடுக்கும். கன்னத்துக் கொழுப்பு அடியைத் தாங்கும். வெளிவராத நிரந்தரப் பற்கள் தாடைக்குள்ளேயே நிறைந்து கிடக்கும். முறிந்தாலும் பல நேரம் முழுதாக ஒடியாமல், பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளப்பதுபோல் பிளக்கும். வெளியே பார்த்தால் கோணல் தெரியாது. பிறந்த குழந்தைக்கு மண்டையும் முகமும் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும். வளர்ந்தவருக்கு இரண்டுக்கு ஒன்று போல. அதனால் சின்னக் குழந்தை விழுந்தால் நெற்றிதான் முதலில் இடிபடும். முக எலும்பே முறிகிற அளவுக்கு அடி விழுந்திருந்தால் தலைக்குள்ளும் அடி இருக்கலாம் என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

மூச்சுதான் முதல் வேலை. வாயில் ரத்தம், உடைந்த பல், மிட்டாய் எதுவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். நினைவோடு இருக்கும் குழந்தையை உட்காரவைத்து முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். ரத்தம் வெளியே வடியட்டும். தலையை அண்ணாந்து பிடித்தால் ரத்தத்தை விழுங்கும், பிறகு வாந்தி எடுக்கும்; அது தலைக்காய வாந்தியா, விழுங்கிய ரத்தமா என்று டாக்டருக்குக் குழப்பம் வரும். வண்டி விபத்து, மாடியிலிருந்து விழுந்தது என்றால் கழுத்தைத் திருப்பாமல், தலையையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

பத்துக் கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். பெரியவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் ரத்தப்போக்கு அதற்குப் பெரிய இழப்பு. சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். தையல் போடும்முன் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், குழந்தைக்கு அது இரண்டாவது வலி. ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வையுங்கள். கண் குழிக்கருகே அடி என்றால் மூக்கைச் சிந்த விடாதீர்கள். உடைந்த இடம் வழியாகக் காற்று கண்ணைச் சுற்றிப் புகுந்து இமை திடீரென்று உப்பிவிடும்.

டாக்டர் பார்க்கும்வரை பால், பிஸ்கட், தண்ணீர் எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அழுகையை நிறுத்தக் கொடுத்த ஒரு பிஸ்கட் ஆபரேஷனை மாலைக்குத் தள்ளிவிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதையும் டாக்டர் வாய்வழி கொடுக்கலாம் என்றபிறகே. அளவு எடைக்குத்தான், வயதுக்கல்ல: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3.6 மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

விழுந்த பல்லைத் தேடி எடுங்கள். பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, கீழே வளரும் நிரந்தரப் பல்லின் கரு கெடும். நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் சில நொடி கழுவி, அந்தக் குழியிலேயே வைத்து மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்ச் சேருங்கள். தண்ணீரில் போட்டால் வேர்மேல் உள்ள உயிரணுக்கள் சாகும். பல் கிடைக்கவே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுக்குழலில் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், காதிலிருந்து ரத்தம், மூக்கிலிருந்து தண்ணீர் போன்ற நீர், இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்துக் கிளினிக் வேண்டாம், சி.டி. ஸ்கேன் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கே போங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அது நடக்கும் மருத்துவமனைகளில் பணம் கட்டச் சொல்லிக் காத்திருக்க வைக்கக் கூடாது.

மோவாய் கிழிந்த குழந்தை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். ஓடும்போது தடுக்கி விழும் குழந்தை, ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை, இரண்டுக்கும் மோவாய்தான் இடிபடும். மோவாயில் விழுந்த அடி கீழ்த்தாடை வழியாக மேலேறி, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் போய்ச் சேரும். அங்கே உள்ள காண்டைல் என்ற எலும்பு முனை குழந்தைக்கு மிருதுவாக, ரத்த ஓட்டம் நிறைந்ததாக இருக்கும். அடி பட்டால் நசுங்கும், அல்லது கழுத்துப் பகுதியில் முறியும். வெளியே தெரிவதோ மோவாயில் ஒரு வெட்டு மட்டும். மூன்று தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலிக்கப் பயந்து குழந்தை வாயைத் திறக்காது. நசுங்கிய மூட்டுக்குள் தேங்கிய ரத்தம் எலும்பாக மாறத் தொடங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் வாய் ஒரு விரல்கூடத் திறக்காத நிலை வரும்; வளர வளர மோவாய் பின்னால் போய் முகம் ஒரு பக்கம் கோணும். அதற்குச் செய்யும் ஆபரேஷன் பெரியது. முதல் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்தால் தவிர்க்கக்கூடியது.

அந்த ஐந்து நிமிடம் இப்படி. குழந்தையை நேராக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அதன் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிய வேண்டும் (உங்கள் விரல் அல்ல, அதன் விரல்). திறக்கும்போது மோவாய் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். இழுக்கிற பக்கத்து மூட்டில்தான் அடி. பிறகு பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல் மட்டும் தொட்டு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி நின்றால் இரண்டு பக்கமும் முறிந்திருக்கலாம். நான்கு வயதுக்கு மேல் குழந்தையே சொல்லும், "பல் சரியாச் சேரல" என்று. அந்தச் சொல்லை நம்புங்கள். கடைசியாகக் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து, திறந்து மூடும்போது மூட்டு நகர்வதை ஒப்பிடுங்கள். காதுக்குள் ரத்தம் இருந்தால் மண்டை எலும்பு முறிவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். காண்டைல் பின்னால் தள்ளிக் காதுக்குழலைக் கிழித்திருக்கலாம். இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஓ.பி.ஜி. எக்ஸ்-ரேக்கு (இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டுவது) குழந்தை பதினைந்து நொடி அசையாமல் நிற்க வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே அது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேன்தான் பேசும். தலைக்கும் முகத்துக்கும் ஒரே தடவையில், குழந்தைகளுக்கான குறைந்த கதிர் அளவில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் தலைக்கு ஒன்று, மூன்றாம் நாள் முகத்துக்கு ஒன்று என்று கதிரை இரண்டு தடவை கொடுக்கத் தேவையில்லை.

சிகிச்சை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் ஆபரேஷன் கிடையாது. பல் கடி சரியாக இருந்தால் இரண்டு, மூன்று வாரம் மென்று தின்னத் தேவையில்லாத சாப்பாடும், முதல் வாரத்திலிருந்தே வாய் அசைவும். கடி விலகியிருந்தால் மேல், கீழ்ப் பற்களை ரப்பர் வளையங்களால் பிணைத்து ஏழு முதல் பத்து நாள் வைப்பார்கள். அதற்கு மேல் கட்டிவைப்பதுதான் ஆபத்து. "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், நல்லாக் கூடும்" என்று நீட்டினால் எலும்பு கூடுவதோடு மூட்டும் சேர்ந்து கூடிவிடும். காண்டைல் சாய்ந்த நிலையில் கூடினாலும் வாய் அசைந்துகொண்டே இருந்தால் குழந்தைக்கு அது காலப்போக்கில் தன்னைத்தானே வடிவமைத்துக்கொள்ளும். மூட்டைத் திறந்து செய்யும் ஆபரேஷன், காண்டைல் மண்டைக்குள் ஏறிப்போனது, வாயைத் திறக்கவே விடாமல் எலும்பு தடுப்பது போன்ற சில நேரங்களுக்கு மட்டும்தான்.

கட்டுப் பிரித்ததும் பயிற்சி. கண்ணாடி முன் உட்காரவைத்து, மோவாயின் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது கோணாமல் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு ஐந்து வேளை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, முன்பற்களை விட்டு, கடைவாய்ப் பக்கம் நுழையுங்கள். இன்று எத்தனை குச்சி போனதோ அதோடு இரண்டு நாளைக்கு ஒரு குச்சி சேர்க்கலாம். குச்சிக்கணக்கைச் சுவரில் எழுதிவைத்தால் குழந்தையே போட்டி போடும். மூன்று விரல் நுழையும்வரை நிறுத்தக் கூடாது. நுழைந்தபிறகும் இரண்டு மாதம் தொடர வேண்டும். லேசான வலி இருக்கும். வலிக்குதே என்று பாட்டி குச்சியைப் பிடுங்கி வைத்துவிடுவதுதான் இந்தச் சிகிச்சையின் முக்கிய எதிரி. பயிற்சிக்கு அரை மணி முன்னால் பாரசிட்டமால் கொடுத்தால் சுலபம்.

தாடையின் நடுப்பகுதி முறிந்தால்

பற்கள் உள்ள பகுதி முறிந்தால் ஈறு கிழிந்து, அடுத்தடுத்த இரண்டு பற்கள் மேலும் கீழுமாக நிற்கும். நாக்குக்கு அடியில் கருநீலம் தெரியும். முறிவு வாய்க்குள் திறந்திருப்பதால் ஆன்டிபயாடிக் தேவை. விலகல் இல்லாத கீறல் என்றால் கூழ்ச் சாப்பாடே மருந்து.

விலகியிருந்தால் பெரியவருக்குச் செய்வதுபோல் பல்லில் கம்பி சுற்ற முடியாது. பால் பல் கூம்பாக, குட்டையாக இருக்கும், கம்பி வழுக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பாதிப் பற்கள் ஆடிக்கொண்டிருக்கும். பிளேட் வைத்து ஸ்க்ரூ போடலாம் என்றால் எலும்புக்குள் நிரந்தரப் பல் கருக்கள். குறிப்பாகக் கோரைப்பல்லின் கரு தாடையின் அடிவிளிம்புவரை இறங்கியிருக்கும். ஸ்க்ரூ அதில் ஏறினால் அந்தப் பல் கெடும். அதனால் அக்ரிலிக் மூடி (பற்கள்மேல் உறைபோல் உட்காரும் கெட்டிப் பிளாஸ்டிக்) என்ற பழைய முறை இன்னும் நன்றாகவே வேலைசெய்கிறது.

இரண்டு தாடைக்கும் ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் அளவெடுத்துப் பாரிஸ் சாந்தில் மாதிரி வார்ப்பார்கள். கீழ்த்தாடை மாதிரியை முறிவுக் கோட்டில் ரம்பத்தால் அறுத்து, மேல்பற்களோடு கடி பொருந்தும்படி ஒட்டுவார்கள். அந்தத் திருத்திய மாதிரியின்மேல்தான் அக்ரிலிக் மூடி செய்யப்படும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் வாயிலும் அதே ஒரு மில்லிமீட்டர். பிறகு மயக்கத்தில், எலும்பைக் கையால் நேராக்கி மூடியைப் பற்கள்மேல் உட்காரவைத்து, 26 கேஜ் துருப்பிடிக்காத கம்பியை மோவாய்க்கு அடியிலிருந்து ஊசியால் தாடையைச் சுற்றி எடுத்து, மூடியின்மேல் முறுக்குவார்கள். இரண்டு அல்லது மூன்று கம்பி. மூடியின் மேற்பரப்பு தட்டையாக இருந்தால் குழந்தை வாயைத் திறந்து மூடிக் கூழ் குடிக்கலாம். தாடை மூட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

இரண்டு அல்லது மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம். எடுக்கும்போது வாய்க்குள் தெரியும் கம்பியை ஆன்டிசெப்டிக்கால் நன்றாகத் துடைத்து, ஒரு பக்கத்தில் ஈறை ஒட்டி வெட்டி, மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். நடுவில் வெட்டி இழுத்தால் வாய்க்குள் கிடந்த அழுக்குக் கம்பி முழுவதும் சதை வழியாகப் போகும். சில நாளில் மோவாய்க்கு அடியில் சீழ் கட்டும்.

பன்னிரண்டு வயதை நெருங்கும் குழந்தைகளுக்கும், பல துண்டாகச் சிதறிய முறிவுக்கும் பிளேட் வேண்டிவரும். அடிவிளிம்பை ஒட்டி, எலும்பின் வெளிச்சுவரில் மட்டும் நிற்கும் குட்டை ஸ்க்ரூக்களால் வைப்பார்கள். டைட்டானியம் பிளேட்டை எலும்பு கூடியபின், இரண்டு மூன்று மாதத்தில், எடுத்துவிடுவது வழக்கம். விட்டால் வளரும் எலும்பு அதை மூடிக்கொள்ளும். தானே கரையும் பிளேட்டும் இருக்கிறது. எடுக்க இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம், ஆனால் தடிமன் கூட, விலையும் கூட.

வீட்டில் கேழ்வரகுக் கூழ், ரசத்தில் குழைத்த சாதம், பருப்புத் தண்ணீர், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், அரைவேக்காட்டுக்குப் பதில் நன்கு வெந்து மசித்த முட்டை. ஒரே வேளையில் திணிக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிட்டதும் கொப்பளிக்க வேண்டும். துப்பத் தெரிந்த, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொன்னால் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். மேல், கீழ்ப் பற்களைப் பிணைத்திருந்தால் ஒரு கத்தரியைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். வாந்தி வந்தால் குழந்தையைக் குப்புறச் சாய்த்து ரப்பரை வெட்ட வேண்டும். ரப்பரை மறுநாள் மாட்டிக்கொள்ளலாம்.

மூக்கு

குழந்தையின் மூக்கு பெரும்பாலும் குருத்தெலும்பு, எக்ஸ்-ரேயில் தெரியாது. "எக்ஸ்-ரே நார்மல்" என்ற சீட்டுக்கு இங்கே மதிப்பில்லை. கோணலைவிட அவசரமானது மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டுவது. டார்ச் அடித்துப் பார்த்தால் நடுச்சுவர் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ சிவந்து ஊதா நிறத்தில் உப்பியிருக்கும். பஞ்சுக்குச்சியால் தொட்டால் மெத்தென்று அமுங்கும். குருத்தெலும்புக்கு ரத்தம் மேலுறை வழியாகத்தான் வருகிறது. உறையை ரத்தக்கட்டு பிரித்துவிட்டால் மூன்று நாளுக்குள் அது அழுகத் தொடங்கும். மூக்குத்தண்டு உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். அதனால் அன்றே வடித்துவிட வேண்டும். முதல் நாள் இல்லாத ரத்தக்கட்டு மறுநாள் வரலாம்: மூக்கடைப்பு, வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால் உடனே திரும்பக் காட்டுங்கள்.

கோணலை வீக்கம் வடிந்த மூன்றாம், நான்காம் நாள் பார்த்து, ஏழு நாளுக்குள் மயக்கத்தில் நேராக்குவார்கள். எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரிடம் போனால் அந்த ஏழு நாள் அங்கேயே போய்விடும்.

கண் குழி: கண் வெள்ளையாக இருந்தாலும் ஏமாறாதீர்கள்

பந்து, முழங்கை, முட்டி பட்டபின் குழந்தை சோர்ந்து படுக்கிறது, வாந்தி எடுக்கிறது, கண்ணில் சிவப்பில்லை, வீக்கமில்லை. தலைக்காயம் என்று நினைத்து ஸ்கேன் எடுத்து, மூளை நன்றாக இருக்கிறது என்று கண்காணிப்பில் வைத்துவிடுவார்கள். நடந்திருப்பது வேறு: கண் குழியின் தரை எலும்பு அடிபட்டதும் திறந்து, வளைந்து கொடுக்கும் தன்மையால் உடனே திரும்ப மூடிக்கொள்கிறது. மூடும்போது கண்ணைக் கீழே இழுக்கும் தசை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய தசையை இழுக்கும்போதெல்லாம் நரம்பு வழியாக இதயத்துடிப்பு குறைந்து குமட்டல் வரும்.

கண்டுபிடிக்க ஒரு பேனா போதும். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேனாவை மேலே நகர்த்துங்கள். ஒரு கண் மேலே போய், மற்றொன்று நடுவிலேயே நின்றால், அல்லது மேலே பார்க்கச் சொன்னதும் குழந்தை முகம் வெளிறிக் குமட்டினால், அதுதான். ஸ்கேனில் எலும்பு விலகல் மயிரிழை அளவுதான் இருக்கும்; கண் குழிப் படத்தில் தசை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் கண் குழி முறிவுக்கு ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். இதற்கு 24 முதல் 48 மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் தசை ரத்தமின்றிச் சுருங்கி இரட்டைப் பார்வை நிரந்தரமாகிவிடும்.

ஏழு வயதுக்குக் கீழே கண் குழியின் தரையைவிடக் கூரை முறிவது அதிகம், ஏனென்றால் நெற்றிக்குள் காற்றறை இன்னும் உருவாகியிருக்காது, அடி நேராகக் கூரைக்கு இறங்கும். பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் மூளை அறுவை மருத்துவர் ஒரு முறை பார்க்க வேண்டும்; மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதம் கழித்து அந்த இடத்தில் துடிக்கும் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

சொல்லும் கதையும் காயமும் பொருந்தாதபோது

தவழாத குழந்தைக்குத் தாடை முறிவு தானாக வராது. தூளியிலிருந்து விழுந்தது என்கிறார்கள், ஆனால் மேலுதட்டின் உட்புறத் தசைநார் கிழிந்திருக்கிறது, பழைய கன்றல்கள் வேறு வேறு நிறத்தில் இருக்கின்றன என்றால் முழு உடம்பையும் பார்த்து, குழந்தையை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். பெற்றோரிடம் அங்கேயே சண்டை பிடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் திரும்பக் காட்ட வேண்டும்

மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என இரண்டு வருடம். பின்னர் வருடத்துக்கு ஒரு முறை, வளர்ச்சி நிற்கும்வரை, அதாவது பதினாறு பதினெட்டு வயது வரை. ஒவ்வொரு தடவையும் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். "நல்லாத் திறக்குது" என்ற குறிப்பு அடுத்த டாக்டருக்கு உதவாது. வருடத்துக்கு ஒரு முறை பிறந்தநாளன்று நேராக முகத்தைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மோவாய் கோணுவது சீக்கிரம் பிடிபடும். முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் இப்போது இரண்டுதான் நுழைகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல், தாடை அறுவைப் பிரிவு உள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பழைய ஸ்கேனோடு போங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரிகளே இருக்கின்றன.